முதல் நாள் என்ன கேட்பார்கள்?

தண்டலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய பெண்கள் விடுதி ஒன்றில் நான் காப்பாளர். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறும் பிள்ளைகள்தான் இங்கே தங்கியிருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்குத் தூக்கம் போய், சோறு இறங்காமல், காரணமில்லாமல் அழுகை வந்து, கடைசியில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சம்மதிக்கிறாள் என்றால் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "அங்க போனா என்ன கேப்பாங்கக்கா?"

அதற்குப் பதில் சொல்வதற்குள் மற்றவை வரிசையாக வந்துவிடும். உள்ளே பிடித்துப் போட்டுவிடுவார்களா? ஷாக் கொடுப்பார்களா? ஊருக்குப் போன் செய்வார்களா? எச்.ஆருக்குத் தெரிந்துவிடுமா?

இதையெல்லாம் படிக்காதவர்களின் பயம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் பயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம் இருக்கிறது. அந்தந்தக் காலத்தில், மனம் சரியில்லை என்று அழைத்துச் செல்லப்பட்டவருக்கு முதல் நாளில் உண்மையாகவே நடந்தவை அவை. அந்தக் காலம் எப்போது முடிந்தது, அதற்குப் பிறகு என்ன வந்தது என்பதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. தபால் வழியில் சமூகப்பணி படித்தபோது நான் தேடித் தேடிப் படித்தது இதைத்தான்.

எங்கள் விடுதி வாசலில் ஓடும் சாலை கிழக்கே பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குள் நுழைந்து கீழ்ப்பாக்கத்தை உரசிக்கொண்டு போகிறது. மேற்கே ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி வேலூருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் மனநோய்க்கு வைத்தியம் பார்த்த வரலாற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரே சாலையைத் தொட்டுத்தான் நடந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு முந்திய காலத்திலிருந்தே தொடங்குகிறேன். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவருடைய வாழ்க்கைக் கதையில் வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. காஞ்சிபுரத்து அரசனின் மகளை பிரம்மராட்சசு பிடித்துக்கொள்கிறது. ராமானுஜரின் ஆசிரியர் யாதவப்பிரகாசரை அழைக்கிறார்கள். பேய் அவருக்கு அடங்கவில்லை. அவருடைய முற்பிறப்பைச் சொல்லி ஏளனம் செய்கிறது. கடைசியில், ராமானுஜர் தன் பாதத்தை வைத்தால் போய்விடுகிறேன் என்று அதுவே வழியும் சொல்கிறது. அப்படியே நடக்கிறது, இளவரசி குணமடைகிறாள்.

சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்ட கதை. இப்போது நினைத்துப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. பேய் பேசுகிறது, ஆசிரியர் பேசுகிறார், அரசன் பேசுகிறான். அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தது, எப்போதிலிருந்து, எதற்குப் பிறகு என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவள் பெயர்கூட நான் கேட்ட கதையில் இல்லை.

ஊர்ப்பக்கத்தில் பூசாரி உடுக்கை அடித்துப் பேயோட்டும் வழக்கத்திலும் இதே அமைப்புதான். நீ யார், எங்கிருந்து வந்தாய், எங்கே பிடித்தாய், என்ன கொடுத்தால் போவாய் என்று பூசாரி கேட்பார். பதில் பேயின் வாயிலிருந்து வரவேண்டும். வேப்பிலை, எலுமிச்சை, கடைசியில் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பது. இதைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. மாமியாரைப் பற்றியும் குடிகாரப் புருஷனைப் பற்றியும் வாய் திறக்க முடியாத பெண்கள், பேயின் பேரில் ஊரறியச் சொல்லித் தீர்த்துக்கொண்ட இடம் அது. ஊரே கூடி உட்கார்ந்து கேட்டது என்பதும் உண்மை. ஆனால் அவள் தன் பேரில், தன் குரலில் சொல்ல அங்கே இடமில்லை. இன்றைக்கும் சோளிங்கர் மலைக்கும் குணசீலத்துக்கும் குடும்பத்தோடு போகிறார்கள். குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கம் உண்டு. போகட்டும், கூடவே மருந்தையும் நிறுத்தாமல் சாப்பிடட்டும் என்பதுதான் என் கட்சி.

இனி, பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கனாலி 1794-இல் சென்னையில் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தொடங்கினார். பின்னர் டால்டன் என்ற மருத்துவர் அதை எடுத்து நடத்தியதால் அவர் பேரே அதற்கு நிலைத்தது. 1871 மே மாதம் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டத்தில் அரசுக் காப்பகம் 145 பேரோடு திறக்கப்பட்டது. 1922-இல் அதற்கு அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. இன்று அரசு மனநலக் காப்பகம் என்கிறோம். ஊர்வாயில் அது வெறும் 'கீழ்ப்பாக்கம்'. ஒருவரைப் பைத்தியம் என்று திட்ட ஊர்ப்பேரே போதும் என்று ஆகிப்போனது.

அங்கே ஒருவரின் முதல் நாள் எப்படி இருந்தது என்பதை 1912-ஆம் வருஷத்துச் சித்தசுவாதீனமின்மைச் சட்டம் வரையறுத்தது. சொந்தக்காரர் மனு கொடுக்க வேண்டும். இரண்டு மருத்துவச் சான்றுகள் வேண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு போட வேண்டும். தெருவில் அலைகிறவரென்றால் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டுபோய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். தானே விரும்பி வருகிறவருக்கும் வழி இருந்தது, ஆனால் காப்பகத்தைப் பார்வையிட நியமிக்கப்பட்டவர்களில் இருவர் சம்மதிக்க வேண்டும். அதாவது வைத்தியத்தின் முதல் வாசல் கச்சேரியும் காவல் நிலையமும்தான். இந்தச் சட்டத்துக்கு மாற்றாக 1987-இல் நிறைவேறிய மனநலச் சட்டம் 1993 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. என் விடுதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பிறந்தது அந்தப் பழைய சட்டத்தின் காலத்தில். அம்மாவின் பயம் மகளுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஷாக் பற்றிய பயத்துக்கு வருஷம் 1938. ரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் மின்அதிர்ச்சிச் சிகிச்சையை முதன்முதலில் ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். சில வருஷங்களிலேயே அது இந்தியாவுக்கும் வந்தது. மயக்க மருந்தில்லாமல், நாலு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்த காலம் ஒன்று நிஜமாகவே இருந்தது. அதைத்தான் நம் சினிமாக்கள் தண்டனை மாதிரி திரும்பத் திரும்பக் காட்டின. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. கடுமையான மனச்சோர்வில் உயிர் காக்கும் சிகிச்சையாக அது இன்றும் இருக்கிறது. ஆனால் தூக்கம் வரவில்லை என்று ஓ.பி. சீட்டு வாங்கிப் போகிறவருக்கு முதல் நாள் யாரும் அதைக் கொடுப்பதில்லை.

சங்கிலிக்கும் ஒரு தேதி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்கா பக்கத்தில் இருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. மேலே சொன்ன அதே 2017 சட்டம் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது.

இந்த இருட்டுக்கு நடுவே கதவைத் திறந்துவிட்டவர்களும் இருந்தார்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ், கீழ்ப்பாக்கம் பெயர் மாறிய அதே 1922-இல், இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1933-இல் அந்த ஊரின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில், இன்றைய ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், மனநோய்க்குப் புறநோயாளிப் பிரிவு ஆரம்பமானது. காய்ச்சலுக்கு வருகிறவர் நுழையும் அதே வாசலில் மனம் வாடியவரும் நுழைந்து, பேசிவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றானது பெரிய மாற்றம். வேலூர் சி.எம்.சி.யில் கனடாவிலிருந்து வந்த ஃபுளாரன்ஸ் நிக்கல்ஸ் முன்னின்று, பாகாயத்தில் 1957-இல் மனநல மையம் அமைத்தார். நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. தனியாக விட்டுவிட்டு வரும் இடம் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

கீழ்ப்பாக்கத்திலேயே 1961-இல் சாரதா மேனன் கண்காணிப்பாளரானார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். 1978-இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பெரிய மதில்களுக்குள் தொழில் பயிற்சி, மறுவாழ்வு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்றபின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். பாடப்புத்தகத்தில் இடம்பெற வேண்டிய பெயர் அது.

தண்டலத்துக்கு இதெல்லாம் வந்து சேர வெகுகாலம் ஆனது. ஏரிப்பாசனமும் நெல்லுமாக இருந்த பக்கம் இது. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 1998-இல் கார் வெளிவரத் தொடங்கிய பிறகு நிலத்தின் முகமே மாறியது. 2008-இல் தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி வந்தது. 2010-க்குப் பிறகு ஒரகடம் நிரம்பியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் விடுதியே திறந்துவிட்டார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வந்து, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறி, ராத்திரி பத்து மணிக்கு வேலைக்குப் போய்க் காலையில் திரும்பி, வெயிலில் தூங்க முயலும் பிள்ளைகள் ஒரே இடத்தில் இத்தனை பேர் இதற்குமுன் இந்தப் பக்கம் இருந்ததில்லை.

சரி, முதல் நாள் என்னதான் நடக்கிறது? கூடப் போய் வந்ததிலும் பிள்ளைகள் வந்து சொன்னதிலுமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதிவு செய்யும் இடத்தில் பெயர், வயது, ஊர். பெரிய மருத்துவமனை என்றால் முதலில் பேசுவது அநேகமாகப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர். அவர் எழுதி எடுத்துக்கொண்ட பிறகு பெரிய மருத்துவர் பார்ப்பார். ஒரே கதையை இரண்டு முறை சொல்ல வேண்டி வரும். அதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். தூக்கம் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குக் கலைகிறது, பசி, எடை, மாதவிடாய், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, முன்பு ஏதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவதுண்டு; தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியே ஆட்டிவைக்கும்.

செத்துவிடலாம் என்று தோன்றியதா என்றும் கேட்பார்கள். நேராகவே கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பிள்ளைகள் அதிர்ந்துபோகிறார்கள், சந்தேகப்படுகிறார்களோ என்று நினைக்கிறார்கள். அது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. ஆமாம் என்று சொன்னால் போலீஸ் வராது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது.

சில கேள்விகள் விநோதமாக இருக்கும். இன்றைக்கு என்ன தேதி? நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஒரு பழமொழிக்கு அர்த்தம் சொல்லுங்கள். தெருவில் தபால்தலை ஒட்டிய கடிதம் கிடந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் விடுதிப் பிள்ளை ஒருத்தி எண்பத்தாறுக்குமேல் கழிக்க முடியாமல் நின்று, வெளியே வந்து அழுதாள். "பத்தாவதுல கணக்குல தொண்ணூத்திரண்டுக்கா நானு. இதுகூட வரலன்னா எனக்கு மூளைதான் போயிடுச்சு." அது பரீட்சை இல்லை. கவனம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்ப்பதற்கு நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. தூக்கமில்லாமல் மூன்று வாரம் ஓடியவருக்கு எண்பத்தாறோடு நின்றுபோவது சகஜம். இதை முதல் நாளே அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சமாகியிருக்கும். வாழ்க்கையில் ஒரு கடிதம்கூடத் தபாலில் போடாத தலைமுறையிடம் தபால்தலைக் கேள்வியை இன்னும் கேட்க வேண்டுமா என்பதையும் மருத்துவர்கள் யோசிக்கலாம்.

மருந்தில்லாமல் பேச்சாலேயே சிகிச்சை தரும் உளவியல் ஆலோசகரிடம் போனால் முதல் நாள் வேறு மாதிரி. முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உட்கார வைப்பார்கள். சினிமாவில் வருவது போலப் படுக்கச் சொல்வதில்லை. அந்தப் படுக்கை வியன்னாவில் ஃபிராய்டு வைத்திருந்தது. அந்த ஃபிராய்டே, சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். முதல் ஓரிரு வாரத்தைச் சோதனைக் காலமாக வைத்துக்கொள்வது, பணம், நேரம் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிடுவது என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றும் அது செல்லும். எத்தனை முறை வர வேண்டியிருக்கும், எவ்வளவு ஆகும், நீங்கள் என்ன படித்தவர் என்று முதல் நாளே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் ஏமாற்றத்தோடு திரும்பி வருவதும் நடக்கும். "ஒண்ணுமே சொல்லலக்கா, நான் சொன்னதையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க." இது எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் மனக்குறை அல்ல. ஜே.எஸ். நேகி என்ற மனநல மருத்துவர் 1973-இல், இந்தியாவில் சிகிச்சை உறவுக்குக் குரு-சிஷ்ய உறவு ஒரு மாதிரியாக அமைய முடியுமா என்று ஆராய்ந்து எழுதினார். குருவிடம் போகிறவர் வழிகாட்டுதலை எதிர்பார்த்துத்தான் போகிறார். பூசாரியிடம் போனாலும் அன்றைக்கே ஒரு கயிறு, ஒரு பரிகாரம் கையில் கிடைத்துவிடும். இங்கே முதல் நாள் கையில் எதுவும் கிடைக்காமல் வரலாம். அதனால் நான் சொல்லி அனுப்புவது இதுதான்: இன்றைக்கு அவர்கள் உன்னைத் தெரிந்துகொள்ளும் நாள். எல்லாவற்றையும் இன்றைக்கே கொட்ட வேண்டாம். சொல்ல முடியாததை, இதை இப்போது சொல்ல முடியவில்லை என்று சொன்னால் போதும். கையில் ஒரு தாளில் எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மாத்திரை, எதைக் கேட்க வேண்டும் என்று நாலு வரி எழுதிக்கொண்டு போ. உட்கார்ந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டால் தாளை அப்படியே நீட்டிவிடு.

வீட்டார் கூட வந்தால் மருத்துவர் அவர்களிடமும் பேசுவார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காஞ்சிபுரத்து இளவரசிக்குக் கிடைக்காத இடம் அது. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை 2017 சட்டத்தில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைமைகளில்தான் விலக்கு. கம்பெனி கேட்டது என்பதற்காகச் சொல்ல முடியாது. உள்ளே தங்க வேண்டும் என்று சொன்னாலும், பெரும்பாலும் அது உங்கள் சம்மதத்தோடுதான். ஆபத்தான நிலையில் மட்டும் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைக் கொண்டுபோக வேண்டும். அதில் நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவித்தொகைப் பட்டியலில் மனச்சிதைவும் தீவிர மனச்சோர்வும்கூட உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்குக் கூலியில் 80 சதவீதம். இதைச் சொன்னால் சூப்பர்வைசர்களே ஆச்சரியப்படுகிறார்கள். போய்ச் சேர முடியாதவர்களுக்கு 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று, கம்பெனி நலவாழ்வு அதிகாரிகளுக்கு. 500 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் ஆலையில் உங்களை நியமிக்கச் சொன்னது 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில் நடக்கிறது. காலை ஷிப்ட் பிள்ளை விடுப்பு எடுக்காமல் அங்கே போக முடியாது. ராத்திரி ஷிப்ட் பிள்ளை தூங்காமல்தான் போக வேண்டும். அவள் அரை நாள் கேட்டால் கொடுங்கள். என்ன காரணம் என்று கேட்காமல் கொடுங்கள்.